வகுப்பறையில் படங்கள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊராட்சி ஒன்றிய அளவில் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் சில ஆண்டுகளாகக் கருத்தாளராகப் பங்கேற்று வருகிறேன். படம், அட்டை போன்ற கற்பித்தல் துணைக்கருவிகள் பற்றிய அமர்வு முடிந்து தேநீர் வந்ததும், அரங்கில் கேட்கத் தயங்கிய ஐயங்களை ஒவ்வொருவராக அருகில் வந்து கேட்பார்கள். ஊர் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

படம் காட்டிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாகக் கற்கிறார்களா, இல்லை வகுப்பு கலகலப்பாக இருந்ததுதான் மிச்சமா?

கற்கிறார்கள், ஆனால் பாடம் சொல்லும் செய்தியையே படமும் காட்டினால்தான். இதைப் பற்றி நடந்த பல சோதனைகளை லெவி, லென்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1982-இல் தொகுத்துப் பார்த்தனர். எழுத்தை மட்டும் படித்தவர்களையும் அதே எழுத்தைப் படத்தோடு படித்தவர்களையும் ஒப்பிட்ட 46 இடங்களில் 45-இல் படத்தோடு படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். கேட்கப்பட்ட கேள்வி படத்தில் இருந்த செய்தியைப் பற்றியதாக இருந்தபோது கிடைத்த முடிவு இது. அதே பாடத்தில் படம் காட்டாத செய்தியைப் பற்றிக் கேட்டபோது, படம் இருந்ததால் சொல்லத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை.

இந்த இரண்டாவது முடிவைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தாவரத்தில் நீர் மேலேறுவதைப் பற்றிய பாடத்துக்குப் பக்கத்தில் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கும் மரத்தை ஒட்டினால், பிள்ளைகளுக்கு மரம் சிரித்தது நினைவிருக்கும்; நீர் ஏறியது நினைவிருக்காது. தண்டைப் பிளந்து உள்ளே ஓடும் குழாய்களைக் காட்டும் படம் அழகாக இல்லாவிட்டாலும் பாடத்தின் வேலையைச் செய்யும். ஒரு படத்தைக் கையில் எடுக்கும்போது, சொல்லால் சொல்ல முடியாத எதை இது காட்டுகிறது என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் துணைக்கருவிப் பெட்டி பாதியாகிவிடும்.

படம் ஏன் நினைவில் நிற்கிறது? அதற்குக் காரணம் சொல்ல முடியுமா?

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-இல் விரிவாக முன்வைத்த விளக்கம் இன்றும் பெரும்பாலோரால் ஏற்கப்படுகிறது. நாம் சொல்லைச் சொல்லாகவும் காட்சியைக் காட்சியாகவும் இரண்டு வழிகளில் மனத்தில் பதித்துக்கொள்கிறோம் என்றும், ஒரே செய்தி இரு வழியிலும் பதிந்தால் ஒன்று நழுவினாலும் மற்றொன்று அதை மீட்டுத் தரும் என்றும் அவர் கூறினார். 'ஏணி' என்று எழுதியிருப்பதைப் படிப்பவர் ஏணியை மனத்தில் காணலாம், காணாமலும் போகலாம். ஏணியின் படத்தைப் பார்ப்பவர் 'ஏணி' என்று தமக்குள் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது அரிது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1970-இல் நடந்த ஒரு சோதனையில் 2,560 புகைப்படங்களைப் பார்த்தவர்கள், பின்னர் அவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சரியாக அடையாளம் கண்டனர். வியப்பான எண்தான். 'இதைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்வது வேறு, பார்த்ததை விளக்கிச் சொல்வது வேறு. செரிமான மண்டலத்தின் படத்தைக் கண்டதும் "தெரியும் சார்" என்று கூவும் வகுப்பு, இரைப்பைக்கு அடுத்து உணவு எங்கே போகிறது என்று கேட்டதும் அமைதியாகிவிடுவது இதனால்தான்.

பி.எட். படிக்கும்போது, படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20, பார்ப்பதில் 30 நினைவில் நிற்கும் என்று கூம்பு வரைந்து மனப்பாடம் செய்தோமே, அது சரிதானே?

கூம்பு உண்மை, எண்கள் பிறர் ஒட்டியவை. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வெளியிட்ட அனுபவக் கூம்பு, நேரடி அனுபவத்தில் தொடங்கிச் சொற்குறியீடு வரை கற்றல் அனுபவங்களை அடுக்கிக் காட்டும் ஒரு வரைபடம் மட்டுமே. அதில் விழுக்காடு எதுவும் இல்லை. எந்த ஆய்விலும் 10, 20, 30 என்று இவ்வளவு உருண்டையான எண்கள் வரிசையாக வந்து நிற்கமாட்டா என்பதே நம்மை ஐயப்பட வைத்திருக்க வேண்டும்.

படத்தை மூளை எழுத்தைவிட 60,000 மடங்கு வேகமாக உள்வாங்குகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வரியும் இதே வகைதான். அதற்கு அடிப்படையான ஆய்வு எதுவும் இல்லை. படத்தின் பயனை நிறுவ மெய்யான சான்றுகள் போதுமானவை இருக்கும்போது இவற்றைப் பயிற்சிகளில் திரையிடுவது தேவையற்றது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுத்தைப் பார்ப்பதே இல்லை. படம் காட்டுவதை விட்டுவிடலாமா?

விட வேண்டாம், சரியான நேரத்தில் மறைக்க வேண்டும். சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1967-இல், படிக்கத் தொடங்கும் குழந்தைகளில் ஒரு குழுவுக்குச் சொற்களைப் படத்தோடும் மற்றொரு குழுவுக்குப் படமின்றியும் கற்பித்தார். கற்பிக்கும்போது படக்குழுவினர் சரளமாகச் சொன்னார்கள். படத்தை எடுத்துவிட்டுச் சொல்லைப் படிக்கச் சொன்னபோது படமின்றிக் கற்றவர்களே முந்தினார்கள். விடை படத்திலேயே இருக்கும்போது எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவை குழந்தைக்கு ஏற்படவில்லை.

முன்பக்கம் அணில் படமும் 'அணில்' என்ற சொல்லும், பின்பக்கம் சொல் மட்டும் இருக்கும்படி மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு) செய்துகொள்ளுங்கள். பொருள் தெரிய முதல் நாள் முன்பக்கம். மறுநாள் முதல் பின்பக்கத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லி, சொன்ன பிறகு சரிபார்த்துக்கொள்ள மட்டும் அட்டையைத் திருப்புங்கள். அட்டையைத் திருப்பும் உரிமையைக் குழந்தையிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

'உ' சொல்லித்தர உரல் படம் காட்டினால் "இது என்ன டீச்சர்?" என்கிறார்கள். வேறு படம் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. எழுத்தைச் சொல்லித்தர வைக்கும் படத்துக்கு ஒரே ஒரு தகுதிதான் தேவை: அதைப் பார்த்தவுடன் குழந்தையின் வாயில் அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லே வர வேண்டும். உரலைப் பார்த்ததில்லாத குழந்தை ஒன்று விழிக்கும், அல்லது தன் பாட்டி வீட்டில் கண்ட ஆட்டுக்கல் என்று நினைத்து 'ஆ' சொல்லும். ஓடத்தைக் காட்டினால் 'போட்' அல்லது 'படகு' என்று வரும். ஐந்து விரல்களைக் காட்டினால் பெரும்பாலான குழந்தைகள் 'கை' என்பார்கள். குழந்தைகள் சொன்னது எதுவும் தவறில்லை. படம்தான் தவறான இடத்தில் நிற்கிறது.

புதிய அட்டை செய்வதற்கு முன் எழுத்தைக் காட்டாமல் படத்தை மட்டும் பத்துக் குழந்தைகளிடம் காட்டி என்னவென்று கேளுங்கள். எட்டுப் பேராவது நீங்கள் எதிர்பார்த்த சொல்லைச் சொன்னால் படம் தேறியது. கடலோரப் பள்ளியில் தேறும் படம் மலைப்பள்ளியில் தேறாமல் போகலாம். உரல் ஒரு பண்பாட்டுப் பொருள், அதை விட்டுவிடலாமா என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். விட வேண்டியதில்லை, எழுத்து பிடிபட்ட பிறகு உரலைப் பற்றித் தனியாகவே பேசலாம்.

உண்மைப் பொருளே கிடைக்கும்போது படம் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே?

சுரைக்காயை அறிமுகப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் சுரைக்காயையே கொண்டுவாருங்கள். அதற்குள் விதைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று விளக்குவது நோக்கமானால், வெட்டிய காயும் வேண்டும், அதன் படமும் வேண்டும். கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் விவரங்களைக் கொடுப்பது பொருள். தேவையான நான்கைந்தை மட்டும் பிரித்துக் காட்டுவது படம்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். பள்ளி வளாகத்திலேயே கிடைக்கும் என்பதால் மலரின் பாகங்களுக்கு எல்லோரும் அதைத்தான் பறிக்கிறார்கள். பாடப்படங்களில் வழக்கமாக மகரந்தத்தாள்கள் சூலகத்தைச் சுற்றித் தனித்தனியாக நிற்கும். செம்பருத்தியிலோ அவற்றின் காம்புகள் ஒன்றாக இணைந்து ஒரு குழாயாகிச் சூல்தண்டை மூடியிருக்கும். குழாயின் மேற்பகுதியில் மஞ்சள் பொட்டுகளாகத் தெரிபவைதான் மகரந்தப்பைகள். இதைச் சொல்லாமல் மலரையும் படத்தையும் அருகருகே வைத்தால் பிள்ளைகள் குழாய் முழுவதையும் சூலகம் என்று குறித்துவிடுகிறார்கள். முதலில் மலர், பிறகு பிளேடால் நெடுக்கில் வெட்டிய மலர், அதன் பிறகு படம் என்ற வரிசையில் போய், "படத்துக்கும் கையில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டால் அந்த ஒரு கேள்வியிலேயே பாடம் நடந்துவிடும்.

பெயர்களைப் படத்தின் மேலேயே எழுத வேண்டுமா, கீழே பட்டியலாகக் கொடுத்தால் போதுமா?

பாகத்தை ஒட்டியே எழுதுங்கள். படத்தில் 1, 2, 3 என்று எண்ணிட்டுக் கீழே பட்டியல் கொடுத்தால், எண்ணைத் தேடுவதிலும் அதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே போய்த் திரும்புவதிலும் குழந்தையின் கவனம் செலவாகிறது. புரிந்துகொள்ள மிச்சமிருப்பது கொஞ்சமே. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேயர் செய்த பல சோதனைகள் சொல்லும் படமும் அருகருகே இருக்க வேண்டும் என்பதையே காட்டுகின்றன.

எண்ணிடும் வழக்கம் மிகப் பழையது. 1658-இல் நியூரம்பெர்க்கில் செக் கல்வியாளர் கொமினியஸ் வெளியிட்ட, சிறுவர்களுக்கான முதல் படப் பாடநூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் நூலில், படத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து அதே எண்ணை லத்தீன், ஜெர்மன் வரிகளிலும் இட்டிருந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட காலத்தில் அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. நம் கையில் ஸ்கெட்ச் பேனா இருக்கிறது.

எனக்கு வரையவே வராது. கரும்பலகையில் நான் வரைந்தால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அச்சிட்ட சார்ட்டே போதாதா?

சிரிக்கட்டும். கோடுகளும் வட்டங்களும் கொண்ட எளிய படம் பல பாடங்களுக்குப் போதும். ஒரு கருத்தை விளக்குவதற்குப் புகைப்படத்தின் முழு விவரமும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மேலும், வரைந்து முடித்த படம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கண்முன் கொட்டுகிறது. நீங்கள் பேசிக்கொண்டே வரையும் படம் ஒவ்வொரு கோடாக வளர்வதால், எதை எப்போது பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தானாகத் தெரிகிறது. ஆசிரியர் வரைவதைப் பார்ப்பது, குறிப்பாகப் பாடத்தில் முன்னறிவு குறைந்தவர்களுக்கு உதவுகிறது என்பதை ஃபியோரெல்லா என்ற ஆய்வாளரும் மேயரும் 2016-இல் காட்டியுள்ளனர்.

அப்படியானால் பாடநூல் படங்களால் தவறான கருத்து பதிந்துவிடாதா? என் மாணவர்கள் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

பதியும். படங்களைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானது இது என்று நினைக்கிறேன். சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைவதற்காக, பூமியின் பாதையைப் படங்களில் நீண்ட முட்டை வடிவில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் குழந்தை, ஒரு பக்கம் அருகில், ஒரு பக்கம் தொலைவில் என்று நேர்மையாகவே முடிவு செய்கிறது. உண்மையில் பாதை ஏறத்தாழ வட்டம்தான். 20 சென்டிமீட்டர் குறுக்களவில் சரியான விகிதத்தில் வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு சாக்பீஸ் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். சூரியன் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தள்ளி நிற்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலை தொடக்கத்தில். "பொங்கலுக்கு முன்னால் ஏன் குளிர்கிறது?" என்று கேட்டாலே பிள்ளைகள் படத்தைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்கள். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதைப் பேச அதுவே தக்க நேரம்.

இதயப் படத்தில் நீல நிறம் வருவதால் உடலில் நீல இரத்தம் ஓடுகிறது என்று நம்பும் மாணவர்களைப் பத்தாம் வகுப்பில்கூடக் கண்டிருக்கிறேன். ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் சிவப்புதான், சற்று அடர்ந்த சிவப்பு. முக்கோணத்தை எப்போதும் அடிப்பக்கம் தரையில் படிய வரைந்தால், தலைகீழாக நிற்கும் முக்கோணம் முக்கோணமே இல்லை என்பார்கள். உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்குப் போகும் அம்புக்குறியை, ஆற்றல் செல்லும் திசை என்று கொள்ளாமல், 'தின்கிறது' என்று படித்துவிடுகிறார்கள்.

இவற்றுக்குத் தீர்வு படத்தைத் தவிர்ப்பதல்ல. இந்தப் படத்தில் எது உண்மை, எது வரைபவர் வசதிக்காகச் செய்தது என்று வகுப்பிலேயே பிரித்துச் சொல்வதுதான். அம்பும் நிறமும் வெட்டுமுகமும் ஒருவகை மொழி. எழுத்தைக் கற்பிப்பதுபோல் அவற்றைப் படிக்கவும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

சுவர் தெரியாத அளவுக்குச் சார்ட் ஒட்ட வேண்டும் என்கிறார்கள். பார்வையிட வருபவர்களும் அதைத்தான் பாராட்டுகிறார்கள். இது சரியா?

பாராட்டு வேறு, கற்றல் வேறு. அமெரிக்காவில் 2014-இல் ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 24 மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறுமையான அறையிலும் மாற்றி மாற்றி அறிவியல் பாடம் நடத்தினர். அலங்கரித்த அறையில் கவனம் சிதறிய நேரம் 38.6 விழுக்காடு, வெறும் அறையில் 28.4. தேர்வில் சரியான விடைகள் முறையே 42, 55 விழுக்காடு. சிறிய சோதனைதான், பாடத்தோடு தொடர்பில்லாத படங்களை வைத்துச் செய்ததுதான். நம் சுவர்களில் உள்ளவற்றில் எத்தனை, இன்று நடத்தும் பாடத்தோடு தொடர்புடையவை என்று எண்ணிப் பாருங்கள்.

கரும்பலகை இருக்கும் சுவரைக் காலியாக விடுங்கள். நடக்கும் பாடத்தின் சார்ட்டைக் குழந்தையின் கண் உயரத்தில் மாட்டி, பாடம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளின் படைப்புகளைப் பின்சுவரில் வைக்கலாம். ஐந்தாண்டுகளாக மங்கிக் கிடக்கும் சார்ட் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. அசையாத படத்தைவிட வீடியோ மேலானதுதானே?

அசைவே பாடமாக இருந்தால் மேலானது: பறவை இறக்கை அடிப்பதையோ முடிச்சுப் போடுவதையோ அசையாத படத்தில் காட்டுவது கடினம். மற்ற இடங்களில் அப்படிச் சொல்ல முடியாது. மேயரின் குழு 2005-இல் மின்னல், கழிப்பறை ஃபிளஷ் தொட்டி, கடலலை, கார் பிரேக் ஆகிய நான்கும் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு குழுவுக்குக் குரல் விளக்கத்துடன் அசைபடமாகவும் மற்றொரு குழுவுக்குத் தாளில் அச்சிட்ட தொடர்படங்களாகவும் கொடுத்தது. எந்த ஒப்பீட்டிலும் அசைபடம் வெல்லவில்லை. பாதி ஒப்பீடுகளில் தாளே வென்றது. தாளை நம் வேகத்தில் பார்க்கலாம், திரும்பிப் போகலாம்; வீடியோவோ காட்டியதை அழித்துக்கொண்டே ஓடுகிறது. நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டு, பிறகு ஓடவிடுவதுதான் வீடியோவைப் பயன்படுத்தும் முறை.

சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்கிறார்களே. கேட்டுக் கற்பவருக்குப் படம் தேவையில்லை அல்லவா?

அந்தப் பிரிவினையை நம்பி வகுப்பைப் பிரிக்க வேண்டாம். பாஷ்லர் என்ற உளவியலாளரும் வேறு மூவரும் 2008-இல் இருக்கும் ஆய்வுகளை அலசி, விருப்பத்துக்கேற்ற வழியில் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தனர். பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கலாம். ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது. வரைபடமின்றி வடிவியல் கற்க யாராலும் முடியாது, ஓசையின்றி யாப்பு கற்கவும் முடியாது.

பிள்ளைகளையே வரையச் சொன்னால் பயன் உண்டா? பாதி நேரம் வண்ணம் தீட்டுவதிலேயே போய்விடுகிறது.

உண்டு; வண்ணப் பென்சிலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வேம்ஸும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அதற்குரிய பொருளைச் சில நொடிகளில் வரைந்தவர்கள் அச்சொற்களை நன்றாக நினைவுகூர்ந்தனர். வரைந்த படம் அழகாக இருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்றாலும் இங்கே நாம் சித்திரக்காரரை உருவாக்கவில்லை.

தேர்வுக்காக இதயத்தைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் பயிற்சி வேறு வகை. அதில் பல மாணவர்கள் கோட்டின் வளைவை மனப்பாடம் செய்கிறார்களே தவிர இதயத்தை நினைப்பதில்லை. நூலைப் பாராமல், இரத்தத்தின் வழியை மட்டும் நான்கு பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரையச் சொன்னால் யாருக்குப் புரிந்தது என்று இரண்டு நிமிடத்தில் தெரியும்.

பார்வைக் குறைபாடுள்ள குழந்தை வகுப்பில் இருந்தால்?

படத்தைச் சொல்லாலும் விரலாலும் உணர வைக்கலாம். கெட்டி அட்டையில் பசை தடவி, படத்தின் கோடுகள் மேல் சணல் நூலை ஒட்டினால் தொட்டறியும் படம் தயார். முதன்மையான கோடுகளை மட்டும் ஒட்டுங்கள், எல்லாவற்றையும் ஒட்டினால் விரலுக்குக் குழப்பம். படத்தில் இருப்பதை வாய்விட்டு விவரிக்கும் பொறுப்பை அருகில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்தால், விவரிக்கும் குழந்தையும் படத்தை ஒழுங்காகப் பார்க்கும்.

நிறத்தைப் பிரித்தறிய இயலாத பிள்ளைகளை நாம் கவனிப்பதே இல்லை. சிவப்பு–பச்சைக் குழப்பத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அது ஆண் பிள்ளைகளிடமே மிகுதி. நிலப்படத்தில் 'பச்சை நிறத்தில் உள்ளவை காடுகள்' என்று மட்டும் சொல்லாமல், காட்டுப் பகுதியில் சிறு கோடுகளும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் காட்டிய படம் வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தை எடுத்துவிட்டுக் கேளுங்கள். அல்லது தவறாக வரைந்து கேளுங்கள். உணவுச் சங்கிலியைக் கற்பித்த மறுநாள், ஒரு வகுப்பில் நான் அம்புகளையெல்லாம் வேண்டுமென்றே திருப்பி, பருந்திலிருந்து பாம்புக்கும், பாம்பிலிருந்து தவளைக்கும், தவளையிலிருந்து வெட்டுக்கிளிக்கும், அதிலிருந்து புல்லுக்கும் வரைந்து, "சரியா?" என்றேன். மேலே சொன்னபடி அம்பைத் 'தின்கிறது' என்று படித்தவர்களுக்கு அது சரியாகவே பட்டது, பெரும்பாலோர் தலையாட்டினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் சற்று யோசித்துவிட்டு, "பருந்து செத்துப்போய்ப் புல்லுக்கு உரமானால்தான் சார் இது சரி, ஆனால் அதற்குப் பருந்திலிருந்து புல்லுக்கு ஓர் அம்பே போதும், நடுவில் தவளை எதற்கு?" என்று கேட்டாள்.